பசுந்தேநீர் வகைகள்: ஜப்பானும் நீலகிரியும்

கிரீன் டீ என்று பரவலாக அழைக்கப்படும் பசுந்தேநீர், பறித்த தேயிலையை உடனே சூடாக்கி, அது கறுப்பதைத் தடுத்து உலர்த்திய இலையிலிருந்து தயாரிக்கப்படும் பானமாகும். சென்சா, கியோகுரோ, மாட்சா, பான்சா, ஹோஜிசா, கென்மைசா எனப் பல வகைப் பசுந்தேநீர் ஜப்பானில் அருந்தப்படுகிறது. தமிழ்நாட்டில் நீலகிரியிலும் பசுந்தேநீர் உற்பத்தியாகிறது. இவை அனைத்தும் கமெலியா சினென்சிஸ் என்ற ஒரே தாவரத்தின் இலைகளே.

தமிழ்நாட்டுக் கடைகளில் இவை பெரும்பாலும் ‘கிரீன் டீ’ என்ற ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. ஆனால் இவற்றின் சுவை, விலை, தயாரிக்கும் முறை, காஃபீன் அளவு ஆகியவை பெரிதும் வேறுபடுகின்றன. ஜப்பான் அரசின் உணவுச் சத்து அட்டவணைப்படி 100 மி.லி. பான்சாவில் 10 மி.கி. காஃபீன் உள்ளது, அதே அளவு கியோகுரோவில் 160 மி.கி. உள்ளது. எனவே எந்த வகை என்று தெரியாமல் ‘கிரீன் டீ நல்லது’ என்றோ ‘கெட்டது’ என்றோ சொல்வதில் பொருள் இல்லை.

பெயர்கள்

நீலகிரி மாவட்டத்தில் ‘பசுந்தேயிலை’ என்ற சொல் கிரீன் டீயைக் குறிப்பதில்லை. செடியிலிருந்து பறித்து, தொழிற்சாலைக்கு எடை போட்டு விற்கப்படும் ஈரமான இலையே அங்கு பசுந்தேயிலை. ‘பசுந்தேயிலைக்கு விலை இல்லை’ என்று சிறு விவசாயிகள் சொல்லும்போது அவர்கள் குறிப்பிடுவது இந்த மூலப்பொருளைத்தான். அதில் பெரும்பகுதி கறுப்புத் தேயிலைத் தூளாகவே மாறுகிறது. இக்குழப்பத்தைத் தவிர்க்க, இக்கட்டுரையில் பானத்துக்குப் பசுந்தேநீர் என்ற சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

ஜப்பானிய மொழியில் ‘சா’ என்றால் தேயிலை. சென்சா, பான்சா, மாட்சா ஆகிய பெயர்களின் இறுதியில் வருவது இச்சொல்லே. கன்னியாகுமரி மாவட்டத்தில் வழங்கும் ‘சாயா’வும் இதே சீன வேரிலிருந்து வந்தது. தேயிலை, தேநீர் ஆகிய சொற்களில் உள்ள ‘தே’, தென்சீனக் கடற்கரையின் புகியன் பகுதி வழக்கிலிருந்து கடல் வணிகம் வழியாகப் பரவியது.

பசுமை காக்கப்படும் விதம்

பறித்த தேயிலையை அப்படியே விட்டால், அதிலுள்ள நொதிகள் காற்றின் ஆக்சிசனுடன் சேர்ந்து இலையின் கேட்டகின் என்னும் துவர்ப்புப் பொருள்களை மாற்றத் தொடங்கும். இதனால் இலை செம்பழுப்பாகி, பிறகு கறுக்கும். இம்மாற்றத்தை முழுமையாக நடக்க விட்டால் கறுப்புத் தேயிலையும், பாதியில் நிறுத்தினால் ஊலாங் தேயிலையும் கிடைக்கும். தொடக்கத்திலேயே சூட்டினால் நொதிகளைச் செயலிழக்கச் செய்தால் கிடைப்பது பசுந்தேநீருக்கான இலை.

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி போன்ற ஊர்களில் உள்ளவர்களுக்கு இது எளிதில் புரியும். பட்டுக்கூட்டை உரிய காலத்தில் வெப்பத்தில் வாட்டாவிட்டால், உள்ளிருக்கும் கூட்டுப்புழு அந்துப்பூச்சியாகி, கூட்டைத் துளைத்து வெளியேறும். பிறகு அதிலிருந்து அறுபடாத நீண்ட இழை எடுக்க முடியாது. தேயிலையிலும் அப்படித்தான், இயற்கையாக நடக்கவிருக்கும் மாற்றத்தைச் சூடு கொடுத்து நிறுத்தும் நேரமே பொருளின் தன்மையைத் தீர்மானிக்கிறது. ஒரே வகைக் கூட்டிலிருந்து எடுத்த நூல், பசை நீக்குவதற்கு முன் விறைப்பாகவும் பின் மென்மையாகவும் இருப்பதுபோல, ஒரே இலையும் கையாளும் விதத்தால் வெவ்வேறு தேநீராகிறது.

வேறுபாட்டுக்கான நான்கு காரணங்கள்

*நிழல்:* தேயிலைச் செடியின் வேரில் தியானின் என்ற அமினோ அமிலம் உருவாகி இலைக்குச் செல்கிறது. இலையின் இனிப்பு கலந்த சாறுச் சுவைக்கு இதுவே முதன்மைக் காரணம். வெயில் படும்போது தியானின் குறைந்து, துவர்ப்புத் தரும் கேட்டகின் கூடுகிறது. அறுவடைக்கு முன் செடிகளை மூடி வைத்தால் இம்மாற்றம் குறைகிறது. பச்சையமும் மிகுந்து இலை அடர்பச்சையாகிறது. தியானின் கியோட்டோவில் கியோகுரோ இலையிலிருந்தே முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது.

*பறிக்கும் பருவம்:* குளிர்காலத்தில் உறங்கிய செடி ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் விடும் முதல் கொழுந்தில் தியானின் அதிகம். ஜூன், ஜூலையில் வரும் இரண்டாம் கொழுந்திலும் அதற்குப் பிந்தையவற்றிலும் துவர்ப்பு கூடும். ஜப்பானிய மரபுப்படி வசந்தத் தொடக்கத்திலிருந்து 88-ஆவது நாள், அதாவது மே 2-ஐ ஒட்டிய நாள், கொழுந்து பறிக்க உகந்தது.

*சூடாக்கும் முறை:* ஜப்பானில் பெரும்பாலும் நீராவி பயன்படுகிறது. சீனாவில் இரும்புச் சட்டியில் வாட்டும் முறையே பரவலானது. ஆவியில் வெந்த இலை கடற்பாசியையும் கீரையையும் நினைவூட்டும் மணம் தரும். சட்டியில் வாட்டிய இலையில் வறுத்த கடலை போன்ற மணம் எழும்.

*பின்செயல்:* உருட்டுதல், அரைத்தல், வறுத்தல், அரிசி சேர்த்தல் ஆகியவை இறுதி வகையைத் தீர்மானிக்கின்றன.

ஜப்பானிய வகைகள்

*சென்சா:* ஜப்பானின் அன்றாடத் தேநீர். வெயிலில் வளர்ந்த இலையை ஏறத்தாழ 30 முதல் 40 நொடி ஆவியில் வைத்து, ஊசி வடிவில் உருட்டி உலர்த்துவர். இனிப்பும் துவர்ப்பும் சமநிலையில் இருக்கும். ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆவி காட்டியது ‘புகாமுசி’ சென்சா எனப்படும். அதன் இலை நொறுங்கியிருக்கும். சாறு கலங்கலாகவும் துவர்ப்புக் குறைவாகவும் இருக்கும்.

*கியோகுரோ:* சுமார் 20 நாள் நிழலில் வளர்த்த முதல் கொழுந்து. குறைந்த நீரில், குறைந்த சூட்டில், மிகக் கெட்டியாக வடிக்கப்படும் விலை உயர்ந்த வகை. இதைக் கோப்பை நிறைய அருந்துவதில்லை. சில மிடறுகளே பருகுவர். ஒன்று அல்லது இரண்டு வாரம் மட்டும் மூடி வளர்த்தது ‘கபுசெசா’ எனப்படும். அதன் சுவை சென்சாவுக்கும் கியோகுரோவுக்கும் இடைப்பட்டது.

*மாட்சா:* நிழலில் வளர்த்த இலையை ஆவியில் வைத்து, உருட்டாமல் உலர்த்தி, நரம்பையும் காம்பையும் நீக்கினால் கிடைப்பது ‘தென்சா’. அதைக் கல் எந்திரத்தில் மாவாக அரைத்தால் மாட்சா. ஒரு கல் எந்திரம் ஒரு மணி நேரத்தில் 40 கிராம் அளவே அரைக்கும். வேகமாகச் சுற்றினால் சூடேறி மணம் கெடும். மற்ற வகைகளில் சாறு மட்டுமே உள்ளே செல்கிறது; மாட்சாவில் இலையே முழுவதுமாக உள்ளே செல்கிறது. சென்சாவை அரைத்த தூளும் பச்சையாகவே இருக்கும். ஆனால் அது மாட்சா அன்று.

*பான்சா:* முதல் கொழுந்துக்குப் பின் பறித்த முற்றிய இலைகளிலிருந்து செய்யப்படும் எளிய வகை. விலையும் காஃபீனும் குறைவு.

*ஹோஜிசா:* பான்சா, சென்சா அல்லது காம்புகளை அதிகச் சூட்டில் வறுத்துச் செய்வது. நிறம் பழுப்பாக இருந்தாலும் இதுவும் பசுந்தேநீர் வகையைச் சேர்ந்ததே. வறுப்பதால் துவர்ப்புக் குறைந்து, காபிக் கொட்டை வறுபடுவது போன்ற மணம் வரும்.

*கென்மைசா:* வறுத்த அரிசியைப் பான்சாவுடனோ சென்சாவுடனோ கலந்தது. அரிசி சேர்வதால் தேயிலையின் அளவும் காஃபீனும் குறைகின்றன. அரிசிப்பொரியின் வாசம் பழகியவர்களுக்கு இது முதல் மிடற்றிலேயே பிடித்துப்போகும்.

*குகிசா:* சென்சா, கியோகுரோ தயாரிப்பில் பிரிக்கப்படும் காம்புகளால் ஆனது, இலேசான இனிப்புடையது.

*கமைரிசா:* ஆவிக்குப் பதிலாகச் சட்டியில் வாட்டியது. பெரும்பாலும் கியூஷு தீவில் சிறிய அளவில் தயாராகிறது. சீன முறையின் தொடர்ச்சியான இதுவே, சுவையில் பிற நாட்டுப் பசுந்தேநீர்களுக்கு மிக நெருக்கமான ஜப்பானிய வகை.

வரலாறு

சீனாவில் பயின்ற ஐசாய் என்ற பௌத்தத் துறவி 1191-இல் நாடு திரும்பியபோது தேயிலை விதைகளையும், தூளை நீரில் அடித்துப் பருகும் வழக்கத்தையும் கொண்டுவந்தார். இன்றைய மாட்சாவின் தொடக்கம் இதுவே. 1738-இல் உஜி பகுதியைச் சேர்ந்த நகதானி சோயன், இலையை ஆவியில் வைத்து உருட்டி உலர்த்தும் முறையைச் செம்மைப்படுத்தினார். இதனால் சென்சா பரவியது. கியோகுரோ 1835-ஐ ஒட்டி உருவானது.

1859-இல் யோகோகாமா துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டபின் ஜப்பானின் முதன்மை ஏற்றுமதிப் பொருள்களாக இருந்தவை பட்டும் தேயிலையும். நீலகிரியின் முன்னோடித் தோட்டங்களான தயாசோலா, டன்சாண்டேல் ஆகியவை தொடங்கப்பட்டதும் அதே 1859-இல்தான். கறுப்புத் தேயிலைத் தயாரிப்பைக் கற்க ஜப்பான் அரசு 1876-இல் தாதா மொதோகிச்சி என்பவரை இந்தியாவுக்கு அனுப்பியது. அவர் கொண்டுசென்ற இந்திய விதைகளின் வழிவந்த ‘பெனிஹோமாரே’ என்ற ரகம், 1953-இல் அந்நாட்டின் தேயிலை ரகப் பதிவேட்டில் முதல் இடத்தைப் பெற்றது.

இன்று ஜப்பானியத் தேயிலைப் பரப்பில் பாதிக்கும் மேற்பட்ட இடத்தைப் பிடித்திருப்பது ‘யபுகிதா’ என்ற ரகம். இதை 1908-இல் சிசுவோகாவில் சுகியாமா ஹிகோசபுரோ தேர்ந்தெடுத்தார். நெடுங்காலம் உற்பத்தியில் முதலிடம் வகித்த சிசுவோகாவை 2024-இல் ககோஷிமா மாநிலம் முந்தியது.

நீலகிரிப் பசுந்தேநீர்

நீலகிரியில் வளர்பவை பெரும்பாலும் சீன வகையும் அசாம் வகையும் கலந்த செடிகள். இரு பருவமழைகளும் கிடைப்பதால் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கலாம். ஜப்பானில் ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு முறைதான் பறிக்க முடியும். அங்குள்ள நீண்ட குளிர்கால உறக்கம் இங்கு இல்லை. ஆயினும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான பனிக்காலத்தில் செடியின் வளர்ச்சி மெதுவாகி, இலையின் மணம் கூடுகிறது. நீலகிரித் தேயிலையில் இப்பருவத்து இலைக்குத் தனி மதிப்பு உண்டு.

அறுவடைக்கு முன் செடியை மூடி நிழலூட்டும் வழக்கம் நீலகிரியில் பொதுவாக இல்லை. அசாம் வகையின் கலப்பால் துவர்ப்புப் பொருளும் கூடுதலாக இருக்கும். எனவே நீலகிரிப் பசுந்தேநீர் கியோகுரோவின் வழியில் செல்வதில்லை. தெளிந்த நிறமும் மலர் மணமும் சற்றுத் தூக்கலான துவர்ப்பும் கொண்டது அது. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே உள்ள கோரகுந்தா போன்ற தோட்டங்கள் பசுந்தேநீர் தயாரிக்கின்றன.

இருப்பினும் நீலகிரியின் உற்பத்தியில் பெரும்பங்கு, பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடிப்பதற்கேற்ற சி.டி.சி. கறுப்புத் தூளே. நசுக்கி, கிழித்து, சுருட்டும் எந்திரங்களை மட்டும் கொண்ட தொழிற்சாலையில் இத்தகைய பசுந்தேநீர் தயாரிக்க முடியாது. ஆவிக்கலன் அல்லது வாட்டும் உருளை, தனி உருட்டு எந்திரங்கள், உலர்த்திகள் ஆகியவை தேவை. இலையும் மென்மையாக, ‘இரண்டு இலை ஒரு மொட்டு’ என்ற அளவில் கவனமாகப் பறிக்கப்பட்டிருக்க வேண்டும். பறித்த சில மணி நேரத்தில் தொழிற்சாலையை அடைய வேண்டும். 1965-இல் உருவான இன்ட்கோசர்வ் கூட்டமைப்பின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்கும் தனியார் தொழிற்சாலைகளுக்கும் இலை கொடுக்கும் பல்லாயிரம் சிறு விவசாயிகளின் வருமானம், கறுப்புத் தூளின் ஏல விலையைச் சார்ந்தே உள்ளது. தரமான பசுந்தேநீர் போன்ற தனிவகைகள் பேசப்படுவதற்கு இந்த நிலையே காரணம். ஆனால் அதற்குரிய கூடுதல் விலை பறிப்பவருக்கும் விவசாயிக்கும் போய்ச் சேர்ந்தால்தான் மென்மையான கொழுந்தைப் பறிக்கும் உழைப்பு கட்டுப்படியாகும்.

தயாரிக்கும் முறை

பசுந்தேநீர் கசக்கிறது என்று பலர் ஒதுக்கக் காரணம், பெரும்பாலும் கொதிக்கும் நீரில் நெடுநேரம் ஊறவிடுவதே. தியானின் மிதமான சூட்டிலேயே கரைந்துவிடும். கேட்டகினும் காஃபீனும் சூடு கூடக் கூட வேகமாக இறங்கும்.

| வகை | நீரின் சூடு | ஊறும் நேரம் |
|---|---|---|
| கியோகுரோ | 50–60° செ. | 2 நிமிடம் |
| சென்சா | 70–80° செ. | 1 நிமிடம் |
| மாட்சா | 70–80° செ. | ஊறவிடாமல் நுரைக்க அடித்தல் |
| நீலகிரிப் பசுந்தேநீர் | 75–80° செ. | 2 நிமிடம் |
| பான்சா, ஹோஜிசா, கென்மைசா | 90° செ.க்கு மேல் | அரை நிமிடம் |

வெப்பமானி இல்லாமலும் இந்தச் சூட்டை எட்டலாம். ஜப்பானியர் கொதித்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றி ஆறவைப்பர். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் 5 முதல் 10 பாகை வரை குறையும். டம்ளரிலும் டபராவிலும் காபியை ஆற்றிப் பழகிய கைகளுக்கு இது புதிதன்று. ஒரே வேறுபாடு: காபியைக் கலந்தபின் ஆற்றுகிறோம், பசுந்தேநீருக்கு நீரை முதலில் ஆற்றி, பிறகு இலையில் ஊற்ற வேண்டும். இரண்டு மூன்று முறை மாற்றினால் சென்சாவுக்கேற்ற சூடு வரும். நல்ல இலையை இரண்டாம், மூன்றாம் முறையும் பயன்படுத்தலாம்.

நீரின் தன்மையும் முக்கியம். ஜப்பானின் குடிநீர் பெரும்பாலும் மென்னீர். ஆரணி உள்ளிட்ட வடதமிழகத்தின் பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் பொதுவாகக் கடினமானது. கடின நீரில் சோப்பு நுரைக்காது என்பதும், பட்டுக்குச் சாயமிட மென்னீரே ஏற்றது என்பதும் நெசவு ஊர்களில் அறிந்த செய்திகள். அந்நீரிலுள்ள கால்சியமும் கார்பனேட்டும் தேநீரின் மணத்தை மழுக்கி, நிறத்தை மங்கவைத்து, மேலே மெல்லிய ஆடை படியச் செய்யும். விலை உயர்ந்த சென்சாவும் இந்நீரில் சாதாரணத் தேநீராகிவிடும். இவ்விடங்களில் சுத்திகரித்த மென்னீரைப் பயன்படுத்துவது நல்லது.

காஃபீனும் உடல்நலமும்

ஜப்பான் அரசின் அட்டவணைப்படி 100 மி.லி. சாற்றில் உள்ள காஃபீன்: கியோகுரோ 160 மி.கி., சென்சா 20 மி.கி., ஹோஜிசா 20 மி.கி., கென்மைசா 10 மி.கி., பான்சா 10 மி.கி. ஒப்பிட, அதே அட்டவணையில் வடித்த காபிக்கு 60 மி.கி. கியோகுரோவின் அளவு இவ்வளவு உயர்ந்திருப்பதற்கு, 10 கிராம் இலையை 60 மி.லி. நீரில் மட்டும் ஊறவைப்பதும் ஒரு காரணம். மாட்சாத் தூளில் 100 கிராமுக்கு 3.2 கிராம் காஃபீன் உள்ளது; ஒரு கிண்ணத்துக்கு 2 கிராம் தூள் என்றால் சுமார் 64 மி.கி.

*இரும்புச்சத்து:* உணவுடன் தேநீர் அருந்தினால், கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பது குறைகிறது. தேசியக் குடும்பநல ஆய்வுப்படி (2019–21) தமிழ்நாட்டில் 15–49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். இவர்களுக்கு, எந்த வகைத் தேநீராயினும் உணவுக்கும் அதற்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி தேவை.

*கர்ப்பிணிகள்:* நாளொன்றுக்கு 300 மி.கி.க்கு மேல் காஃபீன் உட்கொள்ளும் கர்ப்பிணிகள் அதைக் குறைக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. காபி, தேநீர் அனைத்தையும் சேர்த்தே இதைக் கணக்கிட வேண்டும்.

*மருந்துகள்:* மாட்சாவில் இலையே உட்கொள்ளப்படுவதால் வைட்டமின் கே சேர்கிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டபின்னரே அருந்த வேண்டும்.

*எடைக் குறைப்பு:* இதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான காக்ரேன் மீளாய்வு, பசுந்தேநீர்த் தயாரிப்புகளால் ஏற்படும் எடைக் குறைவு மிகச் சிறியது என்றும், மருத்துவ நோக்கில் பொருட்படுத்தத்தக்கதன்று என்றும் முடிவுசெய்தது. பசுந்தேநீர்ச் சாற்றை அடர்த்தியாக்கி விற்கும் மாத்திரைகள் வேறு வகைப் பொருள். நாளொன்றுக்கு 800 மி.கி. அல்லது அதற்கு மேல் கேட்டகின் (இ.ஜி.சி.ஜி.) தரும் மாத்திரைகள் கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

* பொதியில் ‘கிரீன் டீ’ என்பதோடு வகை, பறித்த பருவம், விளைந்த இடம் ஆகியவை குறிக்கப்பட்டிருப்பது நல்லது.
* ஆவாரம்பூ, துளசி, செம்பருத்தி ஆகியவற்றின் கஷாயங்கள் தேயிலையால் ஆனவை அல்ல. அவற்றின் தன்மைகளைப் பசுந்தேநீருடன் குழப்பிக்கொள்ளக் கூடாது.
* பசுந்தேநீர் இலை வெளிச்சம், ஈரம், காற்று ஆகியவற்றால் விரைவில் கெடும். மஞ்சள் படர்ந்த மாட்சாத் தூள் பழையதாகவோ தரம் குறைந்ததாகவோ இருக்கும். சிறிய அளவில் வாங்கி, காற்றுப் புகாத கலத்தில் வைக்க வேண்டும்.
* மாலையில் அருந்துவதற்கு ஹோஜிசா, கென்மைசா, பான்சா ஆகியவை ஏற்றவை. கியோகுரோவும் மாட்சாவும் பகல் நேரத்துக்குரியவை.
* முதன்முறையாக அருந்துபவர்கள் விலை உயர்ந்த மாட்சாவில் தொடங்க வேண்டியதில்லை. நீலகிரியின் பனிக்காலப் பசுந்தேநீரையும் ஒரு சென்சாவையும் ஒரே சூட்டில், அருகருகே வடித்து அருந்திப் பார்த்தால், இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு நாவிலேயே தெரியும்.